மியூசிக் வீடியோக்களில் கேமரா கோணம், ஸ்டைல் இதிலெல்லாம் உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா, இல்லை பார்க்கிறவர்கள் கொடுக்கும் பில்டப்பா?

நீங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி "இந்த ஷாட்டின் அர்த்தம் என்ன, ஐந்து பக்கம் எழுது" என்று சொல்லியிருப்பார்கள். அந்த எரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். ஆனால் அந்த 'பில்டப்' என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவே பேட்டரி சார்ஜ் ஏறும் நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் சினிமா ஆள் கிடையாது. மாயவரம் பக்கம் பதினாலு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவன். "லோ ஆங்கிள் வைத்தால் அதிகாரம், ஹை ஆங்கிள் வைத்தால் பலவீனம்" என்று ஒப்பிக்க எனக்கு வராது. எங்கள் மண்டபங்களில் லோ ஆங்கிள் வைத்தால் மாப்பிள்ளையின் தொப்பைதான் தெரியும். ஆகவே படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கூடப் படித்த நண்பன் ஒருவன். நன்றாகப் பாடுவான், கீபோர்டும் வாசிப்பான். அவனுடைய அம்மா வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை போட்டுத்தான் அவனையும் தங்கையையும் ஆளாக்கினார். நாங்கள் எல்லாரும் அங்கே கடன் சொல்லிச் சாப்பிட்டவர்கள். அவர் போன பிறகு அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்ட் செய்துவிட்டான். நாலு நிமிஷப் பாட்டு. "வீடியோ நீதான்டா எடுக்கணும், காசு கம்மிதான்" என்றான். காசே வேண்டாம் என்றேன். உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான். எத்தனை நாளைக்கு மாலை மாற்றுவதையே எடுப்பது?

காவிரிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னிடம் இருந்த வித்தையை எல்லாம் இறக்கினேன். கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பல், வாடகைக்கு ட்ரோன், அதை ஓட்ட ஒரு தம்பி. ஸ்லோமோஷனில் எடுக்கும்போது உதடு பாட்டோடு ஒட்ட வேண்டும் என்றால் ஒரு வேலை செய்ய வேண்டும். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, ஆளையும் அதே வேகத்தில் பாடச் சொல்லி, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, பிறகு 25இல் ஓட்டினால் உதடு சரியாக விழும். தலைமுடி, துணி, தண்ணீர் எல்லாம் மிதக்கும். திரையில் அவ்வளவு சோகமாகத் தெரிவது எடுக்கும்போது என்ன லட்சணத்தில் இருக்கும் தெரியுமா? செத்துப்போன தாயைப் பற்றிய பாட்டு ப்ளூடூத் ஸ்பீக்கரில் எலிக்குஞ்சு மாதிரி கீச்சுகீச்சென்று கத்துகிறது. இவன் படபடவென்று வாயசைத்துக்கொண்டே கண்ணில் சோகத்தைக் காட்ட வேண்டும். ஆடு மேய்க்க வந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராத்திரி எடிட்டிங். ட்ரோன் மேலே ஏறுகிறது, இவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான், சூரியன் இறங்குகிறது, கலரை ஆரஞ்சும் நீலமுமாக இழுத்துவிட்டேன். எனக்கு ஒரே பெருமை. டீ கொண்டுவந்த அவன் தங்கை பின்னால் நின்று முழுதும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அண்ணே, டூரிசம் விளம்பரம் மாதிரி நல்லாத்தான் இருக்கு. அம்மா எங்கண்ணே?" என்றாள்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, உனக்கு என்ன தெரியும் என்று. அப்புறம் நண்பனுக்குப் பிடித்த ஒரு வீடியோவைத் தேடிப் போட்டேன். ஷினேட் ஓ'கானர் என்ற அயர்லாந்துப் பாடகி 1990இல் பாடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ'. பாட்டை எழுதியது பிரின்ஸ், வீடியோவை இயக்கியவர் ஜான் மேபரி. பார்த்ததில்லை என்றால் இந்தப் பதிலை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அதில் பெரும்பகுதி ஒரு முகம்தான். மொட்டைத் தலை, பின்னால் இருட்டு, கழுத்து வரை கறுப்புச் சட்டை. அந்தச் சட்டையும் இருட்டோடு கரைந்துவிடுவதால் முகம் மட்டும் தனியாக நிற்கும். நடுநடுவே பாரிஸ் பக்கத்தில் செயின்ட் கிளவுட் பூங்காவில் கறுப்பு கோட்டுடன் அவர் நடக்கிற காட்சி வரும். அது இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறையாது. முகத்துக்குத் திரும்பும்போதெல்லாம் அவர் நேராக லென்ஸைப் பார்த்துப் பாடுகிறார். வேறு எங்கேயும் நம் கண் போக வழியில்லை. விட்டுவிட்டுப் போன ஆள் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ, அந்த இடத்தில் நம்மை நிற்க வைத்துவிடுகிறது கேமரா. கடைசிப் பக்கம், அம்மா கொல்லையில் வைத்த பூச்செடிகள் எல்லாம் பட்டுப்போயின என்று ஒரு வரி வரும். அங்கே கண்ணீர் வழியும். அவருடைய தாய் 1985இல் கார் விபத்தில் இறந்தவர். அந்த நினைப்பில் வந்த அழுகை, நடிப்பு இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இப்போது ஒருவர் வருவார், "அப்போ அது தற்செயல்தானே, இதில் கேமராவுக்கு என்ன பெருமை?" என்று. கண்ணீர் தற்செயல்தான் ஐயா. ஆனால் அது விழும்போது கேமரா எங்கே இருந்தது? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என் ட்ரோன் அறுபது அடி உயரத்தில் இருந்திருக்கும்.

இன்னொருவர், "அழுதால் எந்த வீடியோவும் ஓடும்" என்பார். சரி, அழுகையே இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாடகர் சைல்டிஷ் கேம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா', 2018, இயக்கம் ஹிரோ முராய். ஒரு பெரிய கிடங்கு. அவர் சட்டையில்லாமல் ஆடிக்கொண்டே நடக்கிறார், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் கூடவே ஆடுகிறார்கள், கேமரா அவரை விடாமல் தொடர்கிறது. கட் குறைவு. முதல் தடவை ஆட்டத்தைத்தான் பார்த்தேன். இரண்டாம் தடவைதான் பின்னால் ஆட்கள் ஓடுவதும், மேலிருந்து ஒருவன் விழுவதும், வெள்ளைக் குதிரையில் ஒரு உருவம் போவதும் கண்ணில் பட்டன. முன்னால் ஆட்டம் நடந்தால் பின்னால் நடக்கிற கலவரத்தைப் பார்க்க மாட்டோம் என்பதை யாரும் வசனமாகச் சொல்லவில்லை, நானே அதைப் பார்க்காதபடி செய்துவிட்டார்கள். இதைப் பில்டப் என்றால் நான் என்ன சொல்ல?

வித்தை காட்டுவதே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. கோல்ட்ப்ளே என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் 'தி சயின்டிஸ்ட்' வீடியோ (2002) முழுக்கப் பின்னோக்கி ஓடும். உதடு பொருந்துவதற்காகப் பாடகர் கிறிஸ் மார்ட்டின் பாட்டையே தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார். பாட்டு ஆரம்பத்துக்கே திரும்பிப் போக ஏங்குகிற பாட்டு என்பதால் அந்த வித்தை அங்கே உட்காருகிறது. என் ஸ்லோமோஷன் எதற்காக? என்னிடம் இருந்தது, அதற்காக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கிம்பலை எடுக்கவே இல்லை. ட்ரைபாட், 50 எம்எம் லென்ஸ், வெளிச்சத்தை முகத்தில் திருப்ப ஒரே ஒரு தெர்மாகோல். அம்மா மாவாட்டுகிற கிரைண்டர் பக்கத்தில், அவர் உட்காருகிற அதே மணைக்கட்டையில் அவனை உட்கார வைத்தேன். மணை தாழ்வு என்பதால் ட்ரைபாடின் காலை முழுக்க மடக்கி, நானும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். சின்ன வயதில் தட்டோடு உட்கார்ந்த அதே உயரம். பாட்டை அதன் வேகத்திலேயே ஓடவிட்டேன்.

பல்லவி பாடினான். முதல் சரணம் பாடினான். இரண்டாம் சரணத்தில் வாயை மூடிவிட்டான். ஸ்பீக்கரில் அவன் குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இவன் சும்மா உட்கார்ந்து கிரைண்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அழவில்லை. வழக்கமாக நான் "கட், ஒன்ஸ்மோர்" என்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

எடிட்டில் சண்டை. "லிப் சிங்க் போயிடுச்சுடா, அந்த இடத்துல ஆத்துல எடுத்ததைப் போடு" என்றான் அவன். நான் முடியாது என்றேன். தங்கைதான் பஞ்சாயத்து பண்ணி வைத்தாள். பதினோரு நொடி அப்படியே இருக்கிறது. வெளியிட்டதும் வந்த முதல் கமென்ட், "ப்ரோ லிப் சிங்க் கவனிங்க." மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் பார்த்திருக்கிறார்கள். இதை வைத்து என்னைக் கேலி செய்ய நினைப்பவர்கள் செய்யலாம். பார்த்தவர்கள் எண்ணிக்கையை வைத்துப் பேசினால் என் சேனலில் அதிகம் ஓடியது ஒரு பந்தியில் நடந்த பாயசச் சண்டைதான்.

வந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. பாடினவர், மெட்டுப் போட்டவர், நடித்தவர் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் மேலே சொன்ன மூன்று வீடியோவிலும் கேமரா பிடித்தவர் பெயரை யாராவது தேடியிருக்கிறீர்களா? கல்யாணத்திலும் இதே கதைதான். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கேட்டரிங் நம்பர் இருக்கும், எங்கள் பெயர் இருக்காது. "வீடியோ தம்பி, கொஞ்சம் ஓரமா" என்பதுதான் எங்கள் பெயர். கடைசிப் பந்தியில் ரசமும் அப்பளத் தூளும். பாக்கிப் பணத்துக்கு ஆறு மாதம் அலைய வேண்டும்.

இப்படித்தான் அந்தத் தங்கையிடமும் ஒருநாள் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் போனை எடுத்து எங்கள் வீடியோவின் கீழே இருந்த பெயர்களைப் படித்துக் காட்டினாள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு இரண்டிலும் என் பெயர். ட்ரோன் ஓட்டிய தம்பி பெயர் இல்லை. அவன் ஷாட் எதுவும் கடைசியில் வரவில்லை, அதனால் போடவில்லை என்றேன். அரை நாள் வெயிலில் நின்றானே என்றாள். அன்றைக்கே சேர்த்துவிட்டேன். அவன் இன்னும் என் போனை எடுப்பதில்லை. நாளைக் கல்யாணத்துக்கு ட்ரோனுக்குச் சீர்காழியிலிருந்து வேறு ஆள் சொல்லியிருக்கிறேன்.