கீறல் விழுந்த மூக்குக் கண்ணாடி: கேள்வி-பதில்

கே: லென்ஸில் கீறல். பற்பசை தேய்த்தால் போகுமா? (காட்பாடி)

போகாது. பற்பசையில் இருப்பது அரைக்கும் பொடி. லென்ஸ் மேல் இருக்கிற கோட்டிங்கும் (மெல்லிய மேல்பூச்சு) போய்விடும்.

கே: ஆன்டி கிளேர் (வெளிச்சம் பட்டுக் கூசாமலிருக்கக் கோட்டிங் போட்ட) லென்ஸ் போட்டு நாலு மாதம். சிலந்தி வலை மாதிரி வெடித்திருக்கிறது. "நீங்களே கீறிவிட்டீர்கள்" என்கிறார் கடைக்காரர். ஒரு வருட வாரன்டி என்று வாயால் சொன்னதுதான். (குடியாத்தம்)

உங்களிடம் சொன்னது சரியில்லை அம்மா. கீறல் என்றால் தனித்தனிக் கோடாகத் தெரியும். வலையாகப் பரவியிருந்தால் அது கோட்டிங் வெடிப்பு. சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் விரியும் அளவுக்கு மேலே இருக்கும் கோட்டிங் விரியாது. வெயிலில் நிறுத்திய வண்டியில் கண்ணாடியை வைத்திருந்தீர்களா? இல்லையென்றால், லென்ஸோடு பிரேமைச் சூடாக்கும்போது கடையிலேயே வெடித்திருக்கலாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தெரியும்படி படம் எடுங்கள். மாற்றித் தரக் கேட்டு, ஸ்பீடு போஸ்டில் கடைக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

எனக்குத் தீராத கோபம் இந்த பில் விஷயத்தில்தான். "கண்ணாடி 1" என்று எழுதி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பில்லில் இல்லாத கோட்டிங்குக்கு நானும் பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். லென்ஸ் வகை, கோட்டிங்கின் பெயர், பவர், வாரன்டி எத்தனை மாதம், அது கீறலுக்கா வெடிப்புக்கா, எல்லாவற்றையும் எழுதி வாங்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள்.

கே: பைக்கில் சுற்றும் வேலை. மூன்றாவது கண்ணாடியும் கீறிவிட்டது. சட்டை நுனியில்தான் துடைக்கிறேன். (ஆற்காடு)

இரண்டு கண்ணாடி போன பிறகுமா சட்டை நுனி? லென்ஸில் உட்காரும் புழுதியில் மணல் இருக்கிறது. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், புழுதி ஓடட்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல் நுனியால் மெதுவாக. அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். போர் தண்ணீரைத் தானாகக் காயவிட்டால் உப்புப் புள்ளி படியும். அந்தத் துணியையும் வாரம் ஒருமுறை துவையுங்கள்.

கே: பிரேமை வைத்துக்கொண்டு லென்ஸ் மட்டும் மாற்றலாமா? (ஆம்பூர்)

மாற்றலாம். பவர் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் முதலில் கண் பரிசோதனை. பழைய பிளாஸ்டிக் பிரேம் மாட்டும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்று முன்பே கேளுங்கள்.

கே: பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். (வேலூர்)

கொடுக்காதீர்கள். கோட்டிங் போகும், வளைவு கெட்டால் பார்வையும் மங்கும்.