42 லட்சத்துக்கு ரெடிமேட் கேம்பர் வேனா, 33 லட்சத்துக்குக் கட்டி வாங்குவதா?

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 61. ஓசூரில் தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கிருஷ்ணகிரியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். சொல்லிக்கொள்ளும்படி பென்ஷன் இல்லை. கையில் 60 லட்சம் இருக்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி. வெளியூர் போனால் வழியில் கழிப்பறைதான் பெரிய பிரச்சினை. அதனால் கேம்பர் வேன் வாங்கிக் கோயில் குளம் என்று வருடத்துக்கு 45 இரவாவது சுற்ற நினைக்கிறோம். மூன்று கொட்டேஷன் வாங்கினேன். முதலாவது, கம்பெனியே முழுதாகக் கட்டித் தரும் வண்டி, ஜிஎஸ்டியோடு 42 லட்சம். இரண்டாவது, புது வேன் 20 லட்சத்துக்கு நானே வாங்கி, கேம்பர் வேலை மட்டும் செய்யும் பட்டறையில் 13 லட்சத்துக்குக் கட்டுவது. மூன்றாவது, எட்டு வருடப் பழைய டூரிஸ்ட் வேன் 7 லட்சம், உள்ளூர்ப் பட்டறையில் வேலை 6 லட்சம். கடன் போட்டு வாங்கி, நாம் போகாத நாட்களில் வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். எதை எடுக்கலாம் ஐயா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மூன்றாவதை முதலில் கழித்துவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 13 சீட்டைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் பொருத்தினால் ஆர்.சி.யில் ஒரு வண்டி, ரோட்டில் வேறொரு வண்டி. அபராதம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய அடி விபத்து நடந்த பிறகு விழும்: மாற்றத்தைச் சொல்லவில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுக்கலாம். போதாததற்கு அது மஞ்சள் போர்டு வண்டி. பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். ஏழும் ஆறும் சேர்ந்த 13 லட்சம் என்பது நுழைவுக் கட்டணம்தான்.

இனி முதல் இரண்டு. மேல்நாட்டில் தொழிற்சாலை கேம்பர் என்றால் ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மாதிரி, வண்டி செய்யும் கம்பெனியே படுக்கையையும் அடுப்பையும் சேர்த்துக் கட்டுவது. நம் ஊரில் ‘கம்பெனி கேம்பர்’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை ஃபோர்ஸ் டிராவலர் மாதிரியான வேனை வாங்கி, இன்னொரு நிறுவனம் உள்ளே கட்டியவை. ஆக, இரண்டிலும் கட்டுபவர் வேறொருவர்தான். வித்தியாசம் தாளில் இருக்கிறது. கேம்பருக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரநிலை உண்டு. அதன்படி மாடலைச் சோதித்து, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட வாகனச் சோதனை அமைப்பு ஒப்புதல் சான்று தரும். உட்கார இடமும் மேசையும், படுக்க இடம், சமைக்க இடம், பொருள் வைக்க இடம் ஆகிய நான்கும் இருந்தால்தான் அது கேம்பர்.

ஆகவே இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இந்த வேன் மாடலுக்கு, இந்த உள்ளமைப்புக்கு உங்கள் பெயரில் ஒப்புதல் சான்று இருக்கிறதா? படிவம் 22ஏ-வின் இரண்டாம் பகுதியில் கையெழுத்து போடுவீர்களா?” அந்தப் படிவத்தின் முதல் பகுதி வண்டி செய்தவருடையது, இரண்டாம் பகுதி பாடி கட்டியவருடையது. சான்றின் நகலைக் கையில் வாங்கி, கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, எந்த வகையில் பதிவாகும், சாலை வரி எவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். இரண்டு கொட்டேஷனிலுமே சாலை வரி இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அந்த வகையில் வைத்தால் 42 லட்ச வண்டிக்கு அதுவே 8 லட்சத்தைத் தொடும். “பதிவெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்” என்பது சான்று அல்ல.

9 லட்சம் வித்தியாசம் ஏன் வருகிறது என்பதையும் பாருங்கள். வேலைத் தரம் மட்டும் காரணமில்லை. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு டிரைவரோடு சேர்த்துப் பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறும் வேனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மோட்டார் ஹோம், அதாவது கேம்பர், ஜிஎஸ்டியில் வருவது 8703 என்ற தலைப்பில், அதாவது கார்களோடு; சின்னக் கார் வரம்பைத் தாண்டியவற்றுக்கு அங்கே 40 சதவீதம். உங்கள் 42 லட்சத்தைப் பிரித்தால் 30 லட்சம் விலை, 12 லட்சம் வரி. அதே 30 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 5.4 லட்சம்தான். வித்தியாசத்தில் 6.6 லட்சம் வரியாகவே போகிறது. எந்தத் தலைப்பில் வரி போடுகிறார்கள் என்று காட்டும் எச்எஸ்என் எண்ணைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். இது வாயால் சொல்லும் விஷயமில்லை.

இப்போது செலவுக் கணக்கு. ஐந்து வருடம் வைத்திருந்து விற்பதாக எடுத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸில் நான்கு முதல் ஐந்து வருட வண்டிக்குத் தேய்மானம் 50 சதவீதம். அதையே விற்பனை விலைக்கும் வைக்கிறேன். 42 லட்ச வண்டி 21 லட்சத்துக்குப் போனால் வருடத்துக்கு 4.2 லட்சம் நஷ்டம். 42 லட்சத்தைச் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் வரும் 8.2 சதவீத வட்டி இழப்பு 3.44 லட்சம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் 1.2 லட்சம். மொத்தம் 8.84 லட்சம், 45 இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு ஏறக்குறைய 19,600 ரூபாய், டீசல் தனி. இரண்டாவதில் வேன் 10 லட்சத்துக்குப் போகும், ஆனால் உள்ளே செய்த 13 லட்ச வேலைக்கு 4 லட்சத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ரசனைக்குக் கட்டியதை அடுத்தவர் விலை கொடுத்து வாங்க மாட்டார். அங்கே வருடச் செலவு 7.71 லட்சம், இரவுக்கு 17,100. வாங்கும்போது 9 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் ஐந்து வருடத்தில் ஐந்தரை லட்சம் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல லாட்ஜில் கீழ்த்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள ஏசி அறை 3,500 ரூபாய் என்றால் 45 இரவுக்கு 1,57,500.

வாங்கினால் உங்கள் மாத வருமானம் என்ன ஆகும் என்பதுதான் இதைவிட முக்கியம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம். இருவர் பெயரிலும் 30, 30 போட்டால் மூன்று மாதத்துக்கு 1,23,000, அதாவது மாதம் 41,000 ரூபாய். உங்கள் பணத்தை மனைவி பெயரில் போட்டால் அந்த வட்டி வருமான வரிக்கு உங்கள் கணக்கில்தான் சேரும். புதிய வரி முறையில் இந்த அளவுக்கு வரி வராது. முதல் வண்டியை வாங்கினால் மிஞ்சும் 18 லட்சத்துக்கு மாதம் 12,300. இரண்டாவதற்கு 18,450. மருந்து, மளிகை, கரண்ட் பில் எல்லாம் அதற்குள் அடங்குமா?

மகன் சொல்லும் கடனும் சரிப்படாது. 20 லட்சம், 10 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 42,500 ரூபாய். மொத்தப் பணத்தின் வட்டியையும் தாண்டிவிடும். வாடகைக்கு விட வெள்ளை போர்டு செல்லாது. கேம்பர் வேனைச் சொந்த உபயோக வகையிலும் பதியலாம், போக்குவரத்து வகையிலும் பதியலாம். வாடகை என்றால் போக்குவரத்து வகைதான். பெர்மிட், முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கொருமுறை எஃப்.சி., பிறகு வருடாவருடம், கூடுதல் இன்ஷூரன்ஸ் என்று அது தனித் தொழிலாகிவிடும். 63 வயதில் கழிவுத் தொட்டி கழுவும் தொழிலை ஆரம்பிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஆகவே என் பதில்: இந்த 60 லட்சத்திலிருந்து இரண்டையுமே வாங்காதீர்கள். மகன் தன் பணத்தில் வாங்குவதானால், ஒப்புதல் சான்று இரண்டு பக்கமும் இருக்கும்போது இரண்டாவதையே எடுக்கச் சொல்லுங்கள். பட்டறையிடம் சான்று இல்லையென்றால் முதலாவது, அல்லது எதுவுமே வேண்டாம். அவர் இரண்டாவதை எடுத்தால் பணம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

வேனை டீலரிடம் நேரடியாகத் தன் பெயரிலேயே வாங்க வேண்டும். பட்டறைக்காரர் வழியாக வேண்டாம். பட்டறை மூடிவிட்டாலும் வண்டி மிஞ்சும். 13 லட்சத்தில் வரைபடமும் சான்று நகலும் கைக்கு வந்ததும் 2 லட்சம் அட்வான்ஸ். இன்சுலேஷனும் ஒயரிங்கும் முடிந்து, சுவர்ப் பலகை மூடும் முன் நேரில் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு 4 லட்சம். மரவேலை முடிந்ததும் 4 லட்சம். கடைசி 3 லட்சம் கேம்பர் என்று ஆர்.சி. கைக்கு வந்த பிறகு. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கும் இடம் வேண்டாம். பெங்களூரில் கட்டினால் கர்நாடகப் பதிவுக்குச் சம்மதிக்காமல், தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து இங்கே பதிய வேண்டும். இல்லையென்றால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும்போது தடையில்லாச் சான்று, மறுபதிவு, மறுபடியும் வரி.

பலகை மூடும் முன் ஏன் பார்க்க வேண்டும் என்றால், கெட்டுப்போகும் எல்லாமே அதற்குப் பின்னால்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெட்டிய தகட்டு ஓரத்தில் ப்ரைமர் அடிக்காவிட்டால் ஓரிரு மழைக்காலத்தில் துரு தெரியும். கண்ணாடிப் பஞ்சு வைத்திருந்தால் ஈரம் கோத்து நாறும். ஈரம் உறிஞ்சாத மூடிய நுரை (closed-cell) ஷீட் கேளுங்கள். 12 வோல்ட்டில் 2,000 வாட் இன்வெர்ட்டர் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 50 சதுர மி.மீ.க்குக் குறைந்த கேபிள் போட்டாலோ, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இல்லாவிட்டாலோ தீ அபாயம். 230 வோல்ட் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். கேஸ் காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் பெட்டி உட்பக்கம் முழுதாக அடைபட்டு, அடியில் வெளியே துளை இருக்க வேண்டும்.

“ராத்திரி முழுக்க ஏசி ஓடும்” என்று இரண்டு கொட்டேஷன்காரர்களும் சொல்வார்கள். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 2.5 யூனிட். கூரையில் 400 வாட் சோலார் நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட் சொச்சம் தரும். ஒரு டன் ஏசி எட்டு மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டாவது கேட்கும். வெளியிலிருந்து பிளக் கிடைத்தால்தான் ஏசி. பிளக் கிடைக்கும் இடத்தில் பெரும்பாலும் அறையும் கிடைக்கும்.

எடை இன்னொன்று. எட்டுக்கு நாலு 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட் சுமார் 35 கிலோ; பன்னிரண்டு ஷீட் போட்டால் 420 கிலோ. 120 லிட்டர் தண்ணீர் 120 கிலோ. பேட்டரி, ஏசி, ஃப்ரிட்ஜ், ஆட்கள் என்று ஏறிக்கொண்டே போகும். வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். கிரானைட் லாரி ஓடும் இந்த மாவட்டத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகப் பார்த்து, தண்ணீரும் ஆளும் ஏறிய பிறகும் ஆர்.சி. வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கனம் கூடிய வேன் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

இன்ஷூரன்ஸில் வேனின் விலை மட்டும் பதிவாகி, உள்ளே செய்த வேலை விடுபட்டுவிடுவது வழக்கம். 13 லட்ச பில்லைக் கொடுத்து மதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏசி, ஃப்ரிட்ஜ் போன்ற மின்பொருட்களைத் தனியாகச் சேர்க்க மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் என்பது பழைய டாரிஃப் கணக்கு.

உங்கள் மனைவியின் சிரமத்துக்கு இவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை. மூன்று வரிசை கார் ஒன்றைப் பழையதாக 10 லட்சத்துக்குள் பாருங்கள். கடைசி வரிசையை மடித்து, 20 லிட்டர் கழிவுத் தொட்டியுள்ள கையடக்க டாய்லெட்டையும் சுற்றுத் திரையையும் வைக்கலாம். சீட்டைக் கழற்றாமல், எதையும் போல்ட் போட்டு இறுக்காமல் எடுத்து வைக்கும் பொருள் என்பதால் ஆர்.சி.க்கு ஒன்றும் ஆகாது. மீதி 50 லட்சம் மாதம் 34,000 ரூபாய்க்கு மேல் தரும். அதற்கும் முன்பு ஒரு கேம்பர் வேனை நான்கு நாள் வாடகைக்கு எடுத்து ராமேஸ்வரம் போய்வாருங்கள். படி எத்தனை உயரம், முழங்காலை மடக்காமல் டாய்லெட்டில் உட்கார முடிகிறதா, இரவு எங்கே நிறுத்த விடுகிறார்கள், கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்ற நான்கையும் மனைவியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.