தொட்டியும் மீனும் ஒரே நாளில் வேண்டாம்: நல்ல மீனைத் தேர்ந்தெடுப்பது பற்றி

பிள்ளைகள் ஆசைப்படுவதால் சென்னையில் உள்ள உங்கள் வீட்டில் மீன் தொட்டி வைக்கப் போவதாகவும், கொளத்தூர் கடைகளில் நோயில்லாத மீனை எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொட்டியை இந்த வாரமே வாங்குங்கள், ஆனால் மீனை அதே நாளில் வாங்காதீர்கள் என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது. கடையில் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்த மீன்கூட, பக்குவப்படாத தண்ணீரில் விடப்பட்டால் சில நாட்களிலேயே செத்துப்போகும்.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியா என்ற நச்சை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகும்போதும் அது உண்டாகிறது. அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். காரத்தன்மை மிகுந்த தண்ணீரிலும் வெப்பத்திலும் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும் என்பதால், நம் ஊர்க் கோடையில் இந்தக் காத்திருப்பு இன்னும் முக்கியமாகிறது. குளோரின் நீக்கும் மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள்; அது அழுகி உண்டாகும் அம்மோனியாவில்தான் பாக்டீரியாக்கள் பெருகும். தண்ணீரைச் சோதிக்கும் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கி, நைட்ரேட் தென்படத் தொடங்கியதும் கடைக்குப் போகலாம். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி வைப்பது இந்தக் காலத்தை வெகுவாகக் குறைக்கும்.

கடையில் நீங்கள் விரும்பிய மீனைப் பார்ப்பதற்கு முன் அது இருக்கும் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், தண்ணீர் மருந்தால் நீலமாகவோ மஞ்சளாகவோ இருந்தாலும், அந்தத் தொட்டியில் எதையும் வாங்க வேண்டாம். பல தொட்டிகளுக்கு ஒரே தண்ணீர் சுற்றி வரும் அமைப்பாக இருந்தால் பக்கத்துத் தொட்டிகளையும் விட்டுவிடுங்கள். பிறகு அவசரமில்லாமல் சில நிமிடங்கள் நின்று பாருங்கள். துடுப்புகளை உடலோடு ஒட்டவைத்து மூலையில் ஒதுங்கியிருப்பது, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறுவது, செவுள் வேகவேகமாக அடிப்பது, கற்களில் உடலை உரசுவது, வயிறு உள்வாங்கியிருப்பது ஆகிய யாவும் நோயின் அடையாளங்கள். உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவியது போல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, தண்ணீரில் நீந்தித் திரியும் பருவத்தில்தான் கொல்ல முடியும் என்பதால், ஒரு வேளை மருந்தோடு அது தீர்ந்துவிடுவதில்லை. கடைசியாக, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனையே வாங்குங்கள். மீனை அக்கறையோடு வளர்க்கும் கடைக்காரர் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான் வருகிறது. அது பெரும்பாலும் கடின நீர் என்பதால் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை அதில் நன்றாக வாழும்; மென்னீரில் தோன்றிய நியான் டெட்ராவுக்கு அது ஒவ்வாது. தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கவே கூடாது. கடையில் விரலளவே இருக்கும் அந்தக் குஞ்சு, நன்றாக வளர்த்தால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. சாதாரண வகைகள் 20 செ.மீ.யையும் தாண்டி வளரும். ஊசி வழியே சாயம் ஏற்றப்பட்ட மீன்களை யாரும் வாங்காமல் இருந்தால்தான் அந்தக் கொடுமை நிற்கும். மிஸ் கேரளா மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரியது, அழியும் அபாயத்தில் உள்ளது. ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் பெருக்கியதா என்று கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

புது மீன்களை இரண்டு மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பிற மீன்களோடு சேர்க்க வேண்டும். ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, கற்களையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் பாக்டீரியாக்களும் சேர்ந்து அழிகின்றன. வாரம் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி, பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது ஒன்றரை அடி வரை வளரும். வீட்டில் இடம் போதாமல் பலர் ஏரியிலும் குளத்திலும் விட்டதால் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைக் குடைந்து, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது. எந்த மீனையும் வளர்க்க முடியாத நிலை வந்தால், வாங்கிய கடையிலோ வேறொரு வளர்ப்பாளரிடமோ கொடுத்துவிடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும் அன்றே கடைக்காரரிடம் கேட்டுவைப்பது நல்லது.