ரேடாரின் கண்ணைக் கட்டும் விமானம்

கேள்வி: பெரும்பாலான போர் விமானங்களில், இரைச்சல் அலைகளை வீசி ரேடாரைக் குழப்பும் ஜாமர் இருக்கிறதே! விமானந்தாங்கிக் கப்பலில் அதற்கென்று தனி விமானம் எதற்கு?

பதில்: சாதாரண விமானத்தில் இருப்பது தற்காப்புக் கருவி; தன் மேல் குறிவைக்கும் ரேடாரைக் குழப்பும், அவ்வளவுதான். தாக்கப் போகும் மொத்தக் கூட்டத்தையும் மறைக்க மிகுந்த மின்சக்தி வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இஏ-18ஜி குரோலர் அதற்காகவே இருக்கிறது. சூப்பர் ஹார்னெட் என்ற போர் விமானத்தை மாற்றியமைத்து உருவாக்கியது இது. அதன் மூக்கிலிருந்த பீரங்கியை எடுத்துவிட்டு அங்கே மின்னணுக் கருவிகளை வைத்தார்கள். இறக்கை நுனியில் ஏவுகணைக்குப் பதில், எதிரி அலைகளை ஒட்டுக்கேட்கும் ஏஎல்க்யூ-218 ரிசீவர். அடியில் தொங்கும் ஏஎல்க்யூ-99 ஜாமர் பாட்களின் (கருவி அடங்கிய கூடுகளின்) மூக்கைப் பாருங்கள்: ஒரு சின்னக் காற்றாடி இருக்கும். எதிர்க்காற்றில் சுழன்று, அந்த ஜாமருக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே தருகிறது. எந்தப் பாட் எந்த அலைவரிசைக்கு என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்து மாட்ட வேண்டும். வானில் மாற்ற முடியாது. எதிரியிடம் என்ன ரேடார் என்ற உளவுத் தகவல் தவறினால் பாட் வெறும் சுமைதான்.

கேள்வி: ஜாம் செய்துவிட்டால் ரேடாருக்கு எதுவுமே தெரியாதா?

பதில்: தெரியும், தாமதமாக. ஜாமர் வேலையின் உயிர்நாடியே இதுதான். ரேடார் அலை போய்த் திரும்ப வேண்டும். அதனால் எதிரொலியின் வலு தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். தாக்கும் விமானம் 100 கி.மீ.யிலிருந்து 50 கி.மீ.க்கு வந்தால் எதிரொலி 16 மடங்காகும், 25 கி.மீ.யில் 256 மடங்கு. தொலைவில் நிற்கும் குரோலரின் இரைச்சலோ அதிகரிக்காது. ஏதோ ஓரிடத்தில் எதிரொலி இரைச்சலை மீறிவிடும். அந்த இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்குள் நுழையும் முன் குண்டையோ ஏவுகணையையோ விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று: ரேடார், தாக்கும் விமானம், குரோலர் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்க வேண்டும். விலகினால் ரேடார் நேராக நோக்கும் முதன்மைக் கற்றைக்குள் இரைச்சல் போகாது. பக்கக் கற்றைகள் வழியே கொஞ்சம்தான் கசியும். விமானிகள் பெரும்பாடு படுவது இந்த இடம்பிடிப்பில்தான்.

கேள்வி: அந்த இரைச்சலில் சொந்த ரேடியோ கெடாதா?

பதில்: கெடும். குரோலரில் இதற்கென்றே இன்கான்ஸ் என்ற அமைப்பு உண்டு. தான் அனுப்பும் இரைச்சல் எப்படிப்பட்டது என்று விமானத்துக்குத் தெரியுமல்லவா? வந்த ரேடியோ அலையிலிருந்து அதைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் தருகிறது.

கேள்வி: ஜாமரையே குறிவைத்து ஏவுகணை வராதா?

பதில்: வரும். இரைச்சல் வரும் திசையையே பிடித்துக்கொண்டு பாயும் ஏவுகணைகள் உண்டு. அதனால்தான் குரோலர் எட்டத்தில் நிற்கிறது. ரேடார் அலையைப் பின்தொடர்ந்து தாக்கும் ஹார்ம் ஏவுகணையையும் கூடவே சுமக்கிறது. அது வருமென்று பயந்து எதிரி ரேடாரை அணைத்தாலும் குரோலருக்கு வெற்றிதான்.