குரோனோகிராஃப் பொத்தானுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சிலும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, நேரமும் பிசகாமல் காட்டுகிறது. அப்படியிருக்க, சாவி கொடுத்து ஓடும் குரோனோகிராஃபுக்கு, அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்சுக்கு, ஏன் இவ்வளவு விலை? பிராண்ட் பெயருக்குத்தானே கொடுக்கிறோம்?

பெயருக்கும் ஒரு பங்கு போகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாட்சுகளைப் பிரித்து மாட்டுவதே என் தொழில். உள்ளே இருக்கும் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரத்தோடு, சும்மா நிற்கும் இன்னொரு சக்கரத்தைச் சேர்க்க வேண்டும். பழைய முறையில் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து வந்து மற்றதோடு பல்லுக்குப் பல் கோக்கும். நுனியும் நுனியும் இடித்தால் நொடிமுள் துள்ளும். அதனால்தான் அந்தப் பற்களை அவ்வளவு பொடியாக வெட்டுகிறார்கள். எவ்வளவு ஆழம் கோக்க வேண்டும் என்பதை, தலை மையம் விலகியிருக்கும் ஒரு சின்னத் திருகைத் திருப்பிச் சரிசெய்வோம். ஆழம் கூடினால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் வீலின் வீச்சு குறைந்துவிடும். ஆழம் போதாவிட்டால் முள் தடுமாறும். இந்த ஒரு திருகுக்காக லென்ஸும் கையுமாக நெடுநேரம் உட்கார வேண்டிவரும்.

அப்புறம், முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது. எனக்குத் தெரிந்து வாட்சுக்குள் இதைவிட அழகான யோசனை வேறில்லை. முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஓர் உலோகத் துண்டு இருக்கும். அடோல்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அதன்மேல் சுத்தியல் விழுந்தால், இதயம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சரி, வழுக்கிச் சுழன்று தன் பள்ளத்தில் வந்து நிற்கும். முள் நேராக 12க்கு வந்துவிடும். நொடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று என்று இரண்டு இதயங்கள். பல வாட்சுகளில் இரண்டையும் ஒரே சுத்தியல்தான் அடிக்கிறது. அதன் ஒரு முகம் மயிரிழை முந்திப்போய் உட்கார்ந்தால் மற்ற முள் பூஜ்ஜியத்தைத் தொடாது. அந்த முகத்தைக் கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துத்தான் சமன் செய்ய வேண்டும்.

ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே ஊரில் இருக்கும் லாங்கே நிறுவனம், 1999இல் வந்த டேட்டோகிராஃப் போன்ற வாட்சுகளை இரண்டு முறை பூட்டுகிறது. முதலில் மாட்டி ஓடவிட்டு எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். பிறகு முழுக்கப் பிரித்து, மெருகேற்றி, மறுபடி மாட்டுவார்கள். கூலி எங்கே போகிறது என்று இப்போது தெரியும்.

கேள்வி: தூண் சக்கரம் இல்லாத குரோனோகிராஃப் மட்டமானது என்கிறார்களே?

தப்பான பேச்சு. பொத்தானின் அழுத்தத்தை வாங்கி நெம்புகோல்களை நகர்த்தும், சுற்றிலும் தூண்கள் நிற்கும் அந்தச் சக்கரம் இருந்தால் பொத்தான் பெரும்பாலும் மெத்தென்று இறங்கும், உண்மைதான். ஆனால் ஒமேகா தன் ஸ்பீட்மாஸ்டரில் தூண் சக்கரம் உள்ள 321 என்ற இயந்திரத்தை விட்டுவிட்டு, 1968இல் கேம் (அதே வேலையைச் செய்யும், வடிவமாக வெட்டிய தகடு) வைத்த 861க்கு மாறியது. 1974இல் வந்த வால்ஜூ 7750 இயந்திரத்திலும் கேம்தான். அழுத்தம் கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் உழைக்கும்.

கேள்வி: குரோனோகிராஃபின் நொடிமுள்ளை எப்போதும் ஓடவிடலாமா? ஓடும்போதே ரீசெட் செய்யலாமா?

பக்கவாட்டில் பல் கோக்கும் வாட்ச் என்றால் ஓடவிடாதீர்கள். சக்தியும் போகும், தேய்மானமும் கூடும். தட்டுகள் மேலும் கீழுமாக ஒட்டும் கிளட்ச் இருந்தால் அவ்வளவு பாதிப்பில்லை. ரீசெட் மட்டும், ஓடும்போதே பூஜ்ஜியத்துக்குத் திருப்பும்படி செய்த ஃப்ளைபேக் வகையாக இல்லாவிட்டால், நிறுத்திவிட்டுத்தான். இதில் எனக்கு இரக்கமே கிடையாது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த இயந்திரம் எது?

செனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ. 1969இல் வந்தது. மணிக்கு 36,000 அதிர்வு, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும். 1975இல் குவார்ட்ஸ் வாட்சுகள் சந்தையை அடித்துச்சென்ற அலையில், இதன் தயாரிப்பை நிறுத்திக் கருவிகளைப் பழைய இரும்பாக விற்றுவிடும்படி முதலாளிகள் உத்தரவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த சார்ல் வெர்மோ அதற்கு மனம் ஒப்பாமல், கருவிகளையும் வரைபடங்களையும் பரணில் ஒளித்துவைத்தார். 1980களில் தயாரிப்பு மறுபடி தொடங்கியபோது அவைதான் கைகொடுத்தன. 1988இல் ரோலெக்ஸ் தன் டேட்டோனாவுக்கு இதே இயந்திரத்தை வாங்கி, வேகத்தை 28,800 ஆகக் குறைத்துப் பொருத்தியது. குறைத்தால் எண்ணெய் நாள்படத் தாங்கும் என்பது நியாயந்தான். என்றாலும் என் மேசைக்கு வருகிறவற்றில், 36,000இல் ஓடுவதைத்தான் முதலில் எடுப்பேன்.