மின்னல் குறி வந்தால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்

வணக்கம் தம்பி. தலவாக்கலையில் மழைமானியோடு இணைத்த ராஸ்பெரி பை 4 (கையடக்கச் சிறு கணினி) அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது, திரை மூலையில் மஞ்சள் மின்னல் தெரிகிறது, இரண்டு மெமரி கார்டும் போய்விட்டன என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவது கார்டு வாங்க வேண்டாம். முதலில் சார்ஜரை மாற்றுங்கள்.

அந்த மின்னல், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதன் அடையாளம். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரில் 18 வாட் என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் 9 வோல்ட்டில் கிடைப்பது. பை அந்த 9 வோல்ட்டைக் கேட்டு வாங்காது, அதனால் 5 வோல்ட்டில் கிடைக்கும் குறைந்த வாட்தான் அதற்கு வரும். கேபிளும் முக்கியம். ஹட்டனில் என் வீட்டில் சார்ஜர் சரியாகவே இருந்தது, ஆனால் இரண்டு மீட்டர் மெல்லிய கேபிள் தொட்டால் சுட்டது. குட்டையான, தடித்த கேபிள் போட்டதும் மின்னல் மறைந்தது.

கார்டு கெடுவது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதால். மழைக்காலத்தில் நம் பக்கம் அதைத் தவிர்க்க முடியாது. அமைப்புகளில் 'ஓவர்லே' கோப்பு முறையை இயக்குங்கள். அதன்பின் மாற்றங்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும், கார்டில் எதுவும் எழுதப்படாது. அதனால் மழைக் கணக்கைப் பென் டிரைவில் சேமியுங்கள்.

மாற்றிய பிறகும் மின்னல் தெரிந்தால் கேபிளின் படத்தைப் போடுங்கள், பார்க்கிறேன்.