காவலூருக்கு எந்தச் சனிக்கிழமை போகலாம்?

கேள்வி: பத்து வயதில் ஒரு மகள், ஏழு வயதில் ஒரு மகன். மாமியாரும் உடன் வருகிறார். காவலூர் வானாய்வகத்துக்குப் பௌர்ணமியன்று போனால் நிலா நன்றாகத் தெரியும் என்கிறார் என் கணவர். சரியா? அங்கிருக்கும் பெரிய தொலைநோக்கியில் எங்களைப் பார்க்க விடுவார்களா? (சேலம் வாசகி)

பௌர்ணமி மட்டும் வேண்டாம். அன்று சூரிய ஒளி நிலாவின் மேல் நேருக்கு நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. தொலைநோக்கியில் கண் கூசும் வெள்ளைத் தட்டுதான் தெரியும். அந்த வெளிச்சத்தில் மற்ற நட்சத்திரங்களும் மங்கிவிடும். வீட்டு நாள்காட்டியை எடுத்து, வளர்பிறை சஷ்டிக்கும் நவமிக்கும் இடையில் சனிக்கிழமை எப்போது வருகிறது என்று பாருங்கள். அரை நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நிழல்கள் நீளமாக விழும். ஒவ்வொரு பள்ளமும் கிண்ணம் போல எழுந்து நிற்கும். ஏழு வயதுப் பையன் முதன்முதலில் பார்க்க வேண்டிய காட்சி அதுதான். அந்த நாட்களில் மாலையிலேயே நிலா உச்சிக்கு அருகில் இருக்கும் என்பதால் நள்ளிரவு வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சனிக்கிழமை என்று சொல்லக் காரணம், பொதுமக்களுக்கான நாள் அதுதான். பிற்பகலில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம்; வானம் தெளிவாக இருந்தால் இரவில் 6 அங்குலத் தொலைநோக்கி வழியாகக் காட்டுவார்கள். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வாரத்து நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

பெரிய தொலைநோக்கிக்கு வருவோம். அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986 ஜனவரியில் திறக்கப்பட்டு, அதற்காகப் பாடுபட்ட வானியலாளர் வேணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது சேர்க்கும் ஒளி கேமராவுக்கும், ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிக்கும் போகிறது. அதன் இரவுகள் ஆராய்ச்சியாளர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை. அதனால் உங்களுக்கு 6 அங்குலம்தான். அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள்: இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவையைவிட 400 மடங்குக்கும் அதிகமான ஒளியை அது திரட்டும். வியாழன் வானில் இருந்தால் அதன் நான்கு பெரிய நிலாக்கள் வரிசையாகத் தெரியும்.

பிள்ளைகளிடம் முன்பே ஒன்றைச் சொல்லிவையுங்கள். படங்களில் இளஞ்சிவப்பாக ஒளிரும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் நேரில் சாம்பல் புகை போலத்தான் இருக்கும். மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது. நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் அந்தப் புகை இன்னும் விரியும். மகளுக்கு இந்த வித்தை பிடித்துப்போகும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். டார்ச் தேவையென்றால் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மழைக்காலத்தில் மேகம் ஏமாற்றிவிடும். பிப்ரவரி இரவென்றால் மாமியாருக்குத் தெற்கே அகத்திய நட்சத்திரத்தைக் காட்டுங்கள். திருவாதிரையும் கார்த்திகையும் எவை என்று அவரே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக்கூடும். ஜனவரியில் போனால் அவருக்குச் சால்வை கட்டாயம். ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரம்தான் என்றாலும் இரவில் குளிரும்.

வழி வாணியம்பாடி, ஆலங்காயம். பகலிலேயே மலையேறிவிடுங்கள். 1972இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கியின் குவிமாடம் எது என்று அங்கே கேளுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த நட்சத்திரத்தின் ஒளி சட்டெனக் குறைந்து மீண்டது யுரேனஸின் வளையங்களைக் காட்டிக்கொடுத்தது; அந்த ஒளிச் சரிவுகளைப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று.